காரலோடு ஐந்து நாள்: பழனி மலைப் பயணக் குறிப்பு

முதல் நாள், சனிக்கிழமை. வத்தலகுண்டிலிருந்து மேலே

காலை ஏழரைக்கு வத்தலகுண்டைத் தாண்டியாயிற்று. கொடைக்கானல் இங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர். கார்த்திகை மழை ஒரு வாரமாகப் பெய்து ஓய்ந்திருக்கிறது, பாதை முழுக்க ஈரம். இ-பாஸ் கையில் இருந்ததால் சோதனைச் சாவடியில் நேரம் போகவில்லை.

வண்டியின் பின்பக்கம் நான்கு பொட்டலங்கள். உப்பிட்ட காரல் கருவாடு இரண்டு: ஒன்று தடிமனான பாலிதீன் பையில் ஒட்டியது, மற்றது செய்தித்தாளில் கட்டியது. உப்பில்லாமல் காய்ந்த காரல் ஒரு பை, நெத்திலி ஒரு பை. எல்லாம் பாக் நீரிணைக் கரையில், மண்டபம் பக்கம் காய்ந்த சரக்கு. கடலோரத்து மீன் மலைக்கு வந்தால் என்ன ஆகிறது, இங்கே யார் அதைத் தின்கிறார்கள், மலைக்கும் அந்த மீனுக்கும் என்ன கணக்கு என்று பார்ப்பதற்கே இந்த ஐந்து நாள்.

காரல் தெரியாதவர்களுக்கு: உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி மீன். சில ஊரில் காரப்பொடி என்பார்கள். பக்கவாட்டில் அமுக்கிய தட்டை உடம்பு, கண்ணுக்கே எட்டாத செதில், தொட்டால் கையோடு வரும் கோழை. வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் போல முன்னால் நீண்டு வரும். பெரும்பாலான இனங்கள் 15 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை, வலையில் வருவது அதிலும் பாதி. ஆற்று முகத்துவாரத்திலும் கரையோரச் சேற்றிலும் கூட்டம் கூட்டமாக மேய்கிற இந்த மீனை, பெரிய மீன்கள் அத்தனையும் விரட்டித் தின்னும்.

மலைப்பாதையில் மஞ்சளாறு அணை தெரியும் வளைவில் நின்று பொட்டலங்களைப் பார்த்தோம். ஒட்டிய பைகள் தலையணை மாதிரி உப்பியிருந்தன. கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் அங்கே. கீழே அடைத்த காற்று மேலே ஏறத்தாழ கால் பங்கு பெருத்துவிடும், குளிர் சுருக்குவதைக் கழித்த பிறகும். கருவாட்டு முள்ளின் கூர்முனையும் சேர்ந்துகொண்டால் ஒட்டு விரியும், இல்லையென்றால் ஊசித் துளை விழும். வெளியே தெரியாத அந்தத் துளை வழியாகத்தான் மூடுபனி உள்ளே போகும். மலைக்கு அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: ஒட்டும் முன் பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றுவது, முள் குத்தாதபடி உள்ளே ஒரு காகிதச் சுற்று வைப்பது. சந்தைக்கு வரும் பைகளில் இதைச் செய்தவை குறைவு.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானல் சந்தை

ஞாயிறு சந்தைக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் இறங்கி வருகின்றன. கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு, பேரிக்காய் வரிசையைத் தாண்டினால் மூக்கே வழி காட்டும். கருவாட்டுச் சாக்குகள் தார்ப்பாயின் கீழ் இருக்கின்றன. நெத்திலி, காரல், வாளை, சாளை, சுறாத் துண்டு. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கை வைப்பது காரலில்தான். கிலோவுக்கு எண்ணிக்கை அதிகம், ஒரு குழம்புக்கு ஒரு பிடி போதும், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்.

"மழைக்காலத்துல இது அழுவுது தம்பி, நாலு நாளைக்கு ஒருதரம் அடுப்பு மேல பரப்பி எடுத்தாத்தான் நிக்கும்," என்றார் கடைக்கார அக்கா. அழுகிறது, அதாவது கண்ணீர் விடுவதுபோல நீர் கசிகிறது என்ற சொல் சரியானது. அதன் காரணம் உப்பில் இருக்கிறது.

சோற்றுப்புக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது உலர்ந்து நிற்கும். மேலே போனால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சித்திரை வெயிலில் இராமநாதபுரக் கரையில் கலகலவென்று இருக்கும் கருவாடு, இந்த மலையில் ஐப்பசி, கார்த்திகையில் சொட்டுவது இதனால்தான். சரியாகக் காய்ந்த சரக்காக இருந்தாலும் திறந்த சாக்கில் வைத்தால் அழும். வியாபாரி மேல் குற்றமில்லை, சாக்கு மேல்தான் குற்றம்.

அழுத கருவாட்டில் இரண்டு கேடு வரும். ஒன்று சிவப்பு பூப்பது. உப்பளத்து உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள் மீன் மேல் இளஞ்சிவப்பாகப் படர்ந்து, பிசுபிசுப்பும் கெட்ட வாடையும் உண்டாக்கும். இவை வெப்பத்தில் செழிப்பவை. ஆகவே கொடைக்கானலில் சிவப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் கீழே, சமவெளிக் கிடங்கிலேயே தொடங்கியது. கழுவி மறுபடி உப்புத் தூவி விற்பதுண்டு. செவுளைத் திறந்து பார்த்தால் மிச்சச் சிவப்பு அங்கே ஒளிந்திருக்கும். இன்னொன்று பழுப்புப் புள்ளி. மிளகுத்தூள் தூவியது போன்ற பூஞ்சை. உப்பிலும் ஓரளவு குளிரிலும் வளரும் என்பதால் மலையில் இதுதான் அதிகம். புள்ளி மேலோட்டமாக இருக்கும்போதே துடைத்து வெயிலில் போட்டால் மீளும், சதைக்குள் இறங்கிவிட்டால் குப்பைதான்.

சமவெளியில் கருவாட்டைத் துளைத்தெடுக்கும் தோல்வண்டும் அதன் மயிர்ப்புழுவும் இங்கே குறைவு, குளிரில் அவற்றின் வளர்ச்சி மெல்ல நடக்கிறது. ஈயும் குறைவு. ஆகவே "ஈ உட்காரவில்லை, மருந்தடித்த சரக்கு" என்ற சமவெளிச் சோதனையை இங்கே நம்ப வேண்டாம்.

நாங்கள் சாக்குக்குச் சாக்கு பார்த்தது இப்படி: வாலைப் பிடித்து வளைத்தால் உப்பில்லாக் காரல் படக்கென்று ஒடிய வேண்டும். உப்பிட்டது வளையும், ஆனால் கட்டைவிரலால் முதுகை அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. வயிறு வெடித்திருந்தால் கடலிலேயே ஐஸ் இல்லாமல் கிடந்த மீன் என்று பொருள். சேற்றில் மேயும் மீனின் குடல் சீக்கிரம் கரைந்து வயிற்றைப் பிளக்கும். ஐந்தாறு மீனை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஆட்டினால் அடியில் மணல் தங்குகிறதா என்று தெரியும். மணலில் நேராகப் பரப்பிக் காயவைத்த சரக்கின் கோழை மணலை ஒட்டவைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் பல்லில் நறநறக்கும்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. இதை யாரும் சந்தையில் போட்டுப் பார்ப்பதில்லை. பச்சைக் காரலில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர். 100 கிலோவில் 25 கிலோதான் சாரம். உப்பில்லாமல் 15 சதவீத ஈரம்வரை காயவைத்தால் கிடைப்பது சுமார் 29 கிலோ. உப்பிட்டு 35 சதவீத ஈரத்தில் நிறுத்தினால் அந்த ஈரம் முழுக்க உப்பில் தோய்ந்திருக்கும். அப்போது ஒரு கிலோ கருவாட்டில் 350 கிராம் தண்ணீர், 125 கிராம் உப்பு, மீன் வெறும் 525 கிராம். உப்பில்லாத ஒரு கிலோவில் மீன் 850 கிராம். ஆக, உப்பிட்டதன் விலை உப்பில்லாததன் விலையில் அறுபது சதவீதத்துக்கு மேல் போனால் வாங்குகிறவருக்கு நட்டம். சரக்கு அழுதிருந்தால் இன்னும் மோசம், மலைக்காற்றின் தண்ணீரையும் தராசில் ஏற்றிக் காசு கொடுக்கிறோம்.

மூன்றாம் நாள், திங்கள்கிழமை. ஏரி, வெள்ளி அருவி

கொடைக்கானல் ஏரியை 1863-இல் வெட்டவைத்தவர் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச். நட்சத்திர வடிவம், சுற்றுப்பாதை ஐந்து கிலோமீட்டர் அளவு. மழைக்காலத்தில் ஏரியின் மிச்சத் தண்ணீர்தான் மலைப்பாதையோரம் 180 அடி விழும் வெள்ளி அருவி. இன்று அது பாறை தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

இந்த மலையில் தெற்கே இறங்கும் தண்ணீரைப் பின்தொடர்ந்தால் காரல் வந்த ஊரே வந்துவிடும். பழனி மலையின் தெற்குச் சரிவு முழுக்க வைகைக்கு. மஞ்சளாறு, கும்பக்கரையில் அருவியாகும் பாம்பாறு, வராகநதி எல்லாம் அங்கேதான் சேருகின்றன. வடக்குச் சரிவின் பொருந்தலாறும் குதிரையாறும் சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகும். வைகை 258 கிலோமீட்டர் ஓடி, மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊரில் பாக் நீரிணையைத் தொடும். மிஞ்சினால் என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். 1959-இல் வைகை அணை வந்தது, அதற்கு முன்பே வழியெல்லாம் கண்மாய்கள். பல ஆண்டுகளில் கடலுக்கு எட்டுவது பெயரளவுத் தண்ணீர்.

ஆறு கடலில் சேராவிட்டால் தண்ணீர் வீணாகவில்லை என்று மகிழ்வது நம் வழக்கம். கடலுக்குப் போகும் தண்ணீர் முகத்துவாரத்துக்கு வீண் இல்லை. மழைவெள்ளம் மூன்று வேலை செய்கிறது. அலை கொண்டுவந்து குவித்த மணல் திட்டை உடைத்து வாயைத் திறக்கிறது. வண்டலும் மக்கிய இலையும் கொண்டுபோய் மிதவை உயிர்களுக்கும் சேற்றுப் புழுக்களுக்கும் தீனி போடுகிறது. மூன்றாவது, முகத்துவாரத்து நீரின் உப்பைக் குறைக்கிறது. வெள்ளம் வராத ஆண்டில் வாய் அடைபட்டு, உள்ளே தேங்கிய நீர் வெயிலில் சுண்டிக் கடலைவிடக் கரிக்கும். கடலில் பிறந்த குஞ்சு மீன் உள்ளே வந்து வளர வழியிராது, உள்ளே மாட்டியது வெளியேறவும் முடியாது.

காரல்களில் எல்லாம் ஒரே தீனி தின்பதில்லை, வாயைப் பார்த்தால் தெரியும். வாய் கீழ்நோக்கி நீள்பவை அடிச்சேற்றிலிருந்து புழுவும் சின்ன ஓட்டுயிரும் உறிஞ்சும். மேல்நோக்கி நீள்பவை மிதவை உயிர்களைப் பிடிக்கும். நேராக நீண்டு, உள்ளே கூரான பல் வைத்திருப்பவை சிறு மீனையும் இறாலையும் வேட்டையாடும். இப்படி மூன்று மட்டத்திலும் மேய்வதால், சேற்றில் முடங்கியிருக்கும் சத்தை இந்தக் கூட்டம் மேலே தூக்கித் தருகிறது. பாரை, வாளை, ஊளி, கணவாய் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் காரல் இருக்கும். கிலோ நூற்றுக்கணக்கில் விற்கும் மீன்களின் சதையில் எத்தனை பங்கு இந்தப் பொடிமீன் என்று ஏலக்கூடத்தில் யாரும் எழுதுவதில்லை. எங்கள் பார்வையில் காரலின் பெரிய விலை அதன் சொந்த விலையில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காரலின் உணவுக்குழாயைச் சுற்றி வளையம் போல ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் போட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்ற ஒளிரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அந்த வெளிச்சம் காற்றுப்பையின் பளபளப்பான உட்சுவரில் பட்டுத் தெறித்து, வயிற்றுப்பக்கம் மங்கலாகப் பரவும். மேலிருந்து வரும் ஒளியோடு வயிறு கலந்துவிட, கீழே பதுங்கியிருக்கும் வேட்டை மீனுக்குக் காரலின் நிழல் தெரியாது. குஞ்சு பிறக்கும்போது இந்த நுண்ணுயிர் உடம்பில் இருக்காது, கடல்நீரிலிருந்து ஒவ்வொரு குஞ்சும் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது. சந்தைச் சாக்கில் கிடக்கும் ஒவ்வொரு கருவாட்டிலும் அந்த வளையம் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. தலையோடு கிள்ளி எறிவது அதையும்தான்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. பூம்பாறை, மன்னவனூர்

மழை. பூம்பாறைப் படிக்கட்டு வயல்களில் பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த வட்டாரத்தில்தான் விளைகிறது. கடல்மீன் இங்கே சட்டிக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் வருகிறது.

பயிருக்குத் தண்ணீரில் கலந்து விடும் உரமான மீன் அமிலம் தயாரிக்கும் முறை எளிது. மீன் கழிவு ஒரு கிலோ, நாட்டுச்சர்க்கரை ஒரு கிலோ, மூடியுள்ள வாளி. அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் சேர்க்காமல் நிழலில் வைக்க வேண்டும். சமவெளியில் மூன்று வாரத்தில் பழவாடை வந்துவிடும். இந்தக் குளிரில் நாள் கூடும், ஆகவே நாட்காட்டியை நம்பாமல் மூக்கை நம்ப வேண்டும். அழுகல் வாடை வந்தால் சர்க்கரை போதவில்லை அல்லது தண்ணீர் சேர்ந்துவிட்டது. அதே எடை சர்க்கரை இன்னொரு முறை போட்டுக் கிளறினால் சில சமயம் மீளும். மூடியை இறுக்கி மறந்துவிட்டால் வாயு சேர்ந்து வாளி பீறிடும். வடிகட்டியபின் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிக்கு மேல் வேண்டாம், இளம் பயிருக்கு அதில் பாதி. ஒரு எச்சரிக்கை: உப்பிட்ட கருவாட்டைக் கெட்டுப்போயிற்று என்று இதில் போடக் கூடாது. உப்பு மண்ணில் தங்கும். பச்சை மீன் கழிவும் உப்பில்லாதவையும் மட்டுமே.

இராமேசுவரம் பக்கம் சங்காயம் என்று ஒரு சொல் உண்டு. விசைப்படகின் மடியில், அதாவது இழுவலையின் பையில் வந்து, சாப்பாட்டுக்குத் தேறாதென்று தனியே கொட்டப்படும் பொடிமீன் குவியல். அதில் காரல் குஞ்சு ஏராளம். காய்ந்து கோழித்தீவன ஆலைக்குப் போகிறது. நான்கைந்து கிலோ பச்சை மீன் போனால் ஒரு கிலோ மீன்தூள். வளர விட்டிருந்தால் கருவாடாகி இந்தச் சந்தைக்கு வந்திருக்கும், அல்லது ஒரு பாரையின் வயிற்றை நிரப்பியிருக்கும். குஞ்சாகவே அரைத்தால் இரண்டு வருமானமும் போய், மிகக் குறைந்த விலை மட்டும் கையில் நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் மீதி நாட்களில் மடியின் கண் சிறுத்தால் அந்த 61 நாளின் பயன் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

மாலை மன்னவனூர்ப் புல்வெளி. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்து மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. யூகலிப்டசும் வாட்டில் மரமும் பரவிய சரிவுகளைக் கடந்துதான் இங்கே வந்தோம்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை. தாண்டிக்குடி வழியாக இறக்கம்

கீழ்ப்பழனி மலைக்கு வந்துவிட்டோம். காப்பி, மிளகு, மலைவாழை. தோட்ட வேலைக்காரர்கள் குடியிருப்பில் மதியச் சமையலைப் பக்கத்திலிருந்து பார்த்தோம். காரல் கருவாட்டுக் குழம்பு, மொச்சையும் கத்தரிக்காயும் சேர்த்து.

நாலு பேருக்கு உப்பிட்ட கருவாடு 100 கிராம். தலையைக் கிள்ளும்போதே குடலும் இழுபட்டு வர வேண்டும், தங்கினால் குழம்பு கசக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம், தண்ணீரை மாற்றி இன்னொரு பத்து நிமிடம். கொதிநீர் கூடாது, சதை முள்ளைவிட்டுக் கழன்றுவிடும். ஊறியதை வெறும் சட்டியில் ஈரம் போகப் புரட்டியபின் தனியே வைக்கிறார்கள்.

மொச்சைதான் மலையில் சிக்கல். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, இங்கே அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல். திறந்த பானையில் மொச்சை வேகவே வேகாது போலிருக்கும். இரவே ஊறவைத்து, குக்கரில் சமவெளியைவிட இரண்டு விசில் கூட விடுகிறார்கள். வேகும்முன் புளி ஊற்றினால் தோல் இறுகிவிடும். மொச்சை வெந்தபின் நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கத்தரிக்காய், மிளகாய்த்தூள், பிறகு புளிக்கரைசல். பச்சை வாடை போனதும் மொச்சை. கருவாடு கடைசி ஏழெட்டு நிமிடம்தான். உப்பு அதற்கும் பிறகு, சுவைத்துப் பார்த்து. முதலிலேயே உப்புப் போட்டால் திருத்த முடியாது.

"பெரிய மீனு துண்டுல இந்த ருசி வராதுங்க," என்று சட்டியை இறக்கினார் சமைத்த அம்மா. ருசியோடு சத்தும்தான். காரலை முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேருகிறது. உப்பில்லாமல் காய்ந்த காரலின் எடையில் பாதிக்கு மேல் புரதம். பால் எட்டாத எஸ்டேட் வீடுகளில் இந்த ஒரு பிடிக்கு என்ன மதிப்பு என்பதைச் சத்துணவு பேசுகிறவர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை.

கரையில் நன்றாகச் செய்தால் மலையில் பாதித் தொல்லை இராது. பிடித்த மீனின் கோழையைச் சுத்தமான கடல்நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் போக்க வேண்டும், அழுகல் தொடங்குவதே கோழையில். உப்பிடுவதானால் ஐந்து பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, தொட்டியில் ஒரு இரவு. பிறகு தரையில் இல்லாமல், இடுப்பளவு உயரப் பரணில் வலை விரித்து ஒற்றை அடுக்காக. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். உச்சி வெயிலில் அப்படியே விட்டால் மேல்தோல் இறுகி உள் ஈரம் சிறைப்படும், வெளியே கலகலக்கும் அந்தச் சரக்குதான் பத்தாம் நாள் உள்ளிருந்து நாறும். சாயங்காலம் பனி இறங்கும்முன் மூடியாக வேண்டும்.

மலைக்கடைக்காரர்களுக்கு: சாக்கை விட்டு மூடியுள்ள தகர டின்னுக்கு மாறுங்கள். பிளாஸ்டிக் பைத் தடைக்குப் பிறகு காகிதத்தில் கட்டித் தருகிறீர்கள், அது சரி. ஆனால் காகிதம் வீடு போய்ச் சேரும்வரைக்குத்தான் என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். வீட்டில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் மழைக்காலம் தாண்டும். அந்த இடத்தில் காற்று எப்போதும் சற்று வெதுவெதுப்பாக, ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்.

மாலை ஐந்துக்கு வத்தலகுண்டு. பொட்டலங்களை இறக்கிப் பார்த்தோம். மேலே உப்பியிருந்த பைகளில் இரண்டு பழையபடி தளர்ந்திருந்தன, உள்ளே கருவாடு ஏற்றியபோது இருந்தபடியே. நெத்திலிப் பை மட்டும் உறிஞ்சியதுபோல மீனோடு ஒட்டிச் சுருங்கியிருந்தது. மேலே துளை வழியாகக் காற்று வெளியேறியிருக்கிறது, மூலையில் முள் குத்திய இடம் தெரிந்தது. செய்தித்தாள் பொட்டலம் நனைந்து கிழிந்திருந்தது. அச்செழுத்து காரலின் வெள்ளி வயிற்றில் இடம் வலமாகப் பதிந்திருந்தது.